ஒதெகென் மாமாவின் நீல டிரம்

அக்ஜார், 20 பிப்ரவரி 1994

அன்புத் தம்பி ஜல்காஸுக்கு, உன் அக்கா சர்பினாஸ் எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கிறது? நுகுஸ் குளிர் தாங்குகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே மனிதர்கள் மூன்று பேர், பசு இரண்டு, கிடாரி ஒன்று. எல்லோரும் சௌக்கியம். உன் அத்தான் பராஹாத் ரயில் பாதை வேலைக்குப் போய்விட்டு மாதம் ஒருமுறை வருகிறார். மற்ற நாளெல்லாம் நானும் மாமனாரும்தான்.

தண்ணீரைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தாயாம். அதற்கெல்லாம் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பார்களா? எங்கள் ஊரில் நாக்கே சோதித்துவிடும். ஆற்றின் மேல் பக்கத்துக்காரர்கள் பருத்தி வயலில் உப்பைக் கழுவத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் கழுவுகிறார்கள், கழுவின தண்ணீரை நாங்கள் குடிக்கிறோம். கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் உப்புப் போட மறந்தாலும் கவலை இல்லை.

வாரம் ஒருமுறை தண்ணி லாரி வருகிறது. மாமா விடிகாலையிலேயே தம் நீல டிரம்மைத் துடைத்து வாசலில் வைத்துவிடுவார். பக்கத்து வீட்டு உல்போசின் துருப்பிடித்த தகர டப்பாக்களோடு நின்று அந்த டிரம்மையே பார்ப்பாள். அவளைத் தெரியுமே உனக்கு? வரிசையாகப் பெண் பிறந்த கோபத்தில் அவள் அப்பா 'ஆண் பிறக்கட்டும்' என்று பெயர் வைத்தாரே, அவள். அந்தப் பெயர் அப்பாவுக்குப் பலிக்கவில்லை, அவளுக்குப் பலித்தது. ஏழும் ஆண்.

எனக்குக் கொஞ்சம் அசதி, வேறொன்றும் இல்லை. கறுப்பு நூல் இரண்டு கண்டு அனுப்பு.

சர்பினாஸ்

நுகுஸ், 6 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு ஜல்காஸின் வணக்கம். மாமா, அத்தான், பசு, கிடாரி அனைவர் நலமும் அறிய ஆவல்.

நூல் அனுப்பியிருக்கிறேன். என் வேலையைக் கேலி செய்கிறாய். நாக்குக்கு உப்பு மட்டும்தான் தெரியும் அக்கா. நாக்குக்குத் தெரியாதவற்றைத்தான் நாங்கள் தேடுகிறோம்.

'கொஞ்சம் அசதி' என்று எழுதியிருந்தாய். மூன்று வருடத்தில் இரண்டு முறை உனக்குக் குழந்தை தங்காமல் போனது. இரண்டு முறையும் 'கொஞ்சம் அசதி' என்றுதான் எழுதினாய். நீ சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. இப்போது கேட்கிறேன். கிணற்றுத் தண்ணீரில் ஒரு பாட்டில், டிரம் தண்ணீரில் ஒரு பாட்டில் அனுப்பு. அந்த டிரம் மாமாவுக்கு எங்கே கிடைத்தது?

ஜல்காஸ்

அக்ஜார், 19 மார்ச்

தம்பிக்கு அக்காவின் ஆசிகள். நல்லபடியாய் இருக்கிறாயா? நாங்கள் நல்லபடியாய் இருக்கிறோம்.

போனதைப் பற்றிப் பேச வேண்டாம். இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. இரண்டாவது முறை மாமா மூன்று நாள் சாப்பிடவில்லை, அது போதும்.

இரண்டு பாட்டில்களையும் பஸ் டிரைவர் சோவெத்பாய் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். நல்ல தண்ணீர் பாட்டிலுக்கு நீலத் துணி கட்டியிருக்கிறேன். அண்ணன் பெயரில் இருக்கும் சோவியத் நாடே போய்விட்டது, அந்தப் பெயர் கொண்ட மனிதரும் அவர் பஸ்ஸும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

டிரம் கதை கேட்டாயே. மாமா பருத்திக்கு மருந்து தெளிக்கும் விமானத்தளத்தில் காவலாளியாக இருந்தது உனக்குத் தெரியும். நாலு வருடத்துக்கு முன் தளத்தை மூடியபோது அவருக்கு ஐந்து டிரம் கொடுத்தார்கள். முதல்தரத் தகடு, துருவே ஏறாது. ஏழு முறை மணல் போட்டுத் தேய்த்தாராம். ஒன்றை வைத்துக்கொண்டு நான்கைத் தெருவில் நான்கு வீட்டுக்குக் கொடுத்தார். உல்போசினுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"வர்ற தண்ணி கொஞ்சம். அதை நல்ல பாத்திரத்துல வைக்கணும்மா" என்பார் மாமா. அந்த டிரம்மிலிருந்து முதல் குவளை எப்போதும் எனக்குத்தான்.

சர்பினாஸ்

நுகுஸ், 2 ஏப்ரல்

அக்காவுக்கு நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும்.

ஒரே ஒரு பாட்டில்தான் வந்தது. பஸ் நிலையத்தில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"இன்னொரு பாட்டில் எங்கண்ணே?"

"எது?"

"நீலத் துணி கட்டினது."

"அதுவா. பாதி வழியில வண்டி நின்னுபோச்சு தம்பி. குளிரு வேற. டீ போட்டோம். பஸ்ஸுல இருந்த அத்தனை பேரும் உங்கக்காவை வாழ்த்துனாங்க."

"சோதனைக்கு வந்த தண்ணிண்ணே அது."

"அதான் சோதிச்சாச்சே. நல்லா இருந்துச்சு."

கிணற்றுத் தண்ணீர் நீ சொன்னபடிதான், உப்பு. டிரம் தண்ணீரை மறுபடி அனுப்பு. யாரும் குடிக்கத் துணியாத மாதிரி ஏதாவது எழுதி ஒட்டு. விளையாட்டு இல்லை அக்கா, சீக்கிரம்.

ஜல்காஸ்

அக்ஜார், 15 ஏப்ரல்

தம்பி, நீ சுகமாக இருப்பாய். நான்தான் உன்னால் சந்தி சிரிக்க நிற்கிறேன்.

பாட்டிலில் 'மூத்திரம், ஆஸ்பத்திரிக்கு' என்று எழுதி ஒட்டினேன். சோவெத்பாய் அண்ணன் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டு லிட்டரா? ஒரே நாள்லயாம்மா?"

நான் என்ன சொல்ல? "ஆமாண்ணே" என்றேன்.

"உன்னோடதா, கிடாரியோடதா?"

பஸ் கிளம்புவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் உல்போசின் சுடச்சுட ரொட்டியோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எதிர் வீட்டுப் பெர்தெகுல் அக்கா சோளக் கஞ்சி கொண்டுவந்து, "அடக்கி வைக்காத கண்ணு, அதான் இப்புடி" என்று புத்தி சொன்னாள். அன்றிலிருந்து மாட்டுக்குத் தீவனம் மாமாதான் வைக்கிறார், என்னைக் கனமான எதையும் தூக்க விடுவதில்லை. பொய் நோயிலும் ஒரு சுகம் இருக்கிறது.

சோதித்துவிட்டு எழுது.

சர்பினாஸ்

நுகுஸ், 20 மே

அக்கா,

நலம் விசாரித்து எழுத இன்று மனம் இல்லை. இத்தோடு அனுப்பும் இரண்டு அலுமினியக் கேன்களில் சின்னதற்குள் இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். நீ மட்டும் படி.

டிரம் தண்ணீரில் பூச்சிமருந்து இருக்கிறது. பறிப்புக்கு முன் பருத்தி இலையை உதிர்க்கத் தெளிக்கும் மருந்தும் இருக்கிறது. நம்ப முடியாமல் எங்கள் மேலதிகாரி அம்மாளை விட்டு மூன்று முறை சோதிக்கச் சொன்னேன். லாரி நிரப்பும் இடத்துக்கு நானே போய்த் தண்ணீர் எடுத்தேன். அது சுத்தம். ஆக, மருந்து டிரம்மில்தான் இருக்கிறது. தகட்டின் மடிப்பிலும் அடித்தகடு சேரும் இணைப்பிலும் தங்கிவிட்டது. எழுபது முறை தேய்த்தாலும் போகாது.

உன் இரண்டு குழந்தைகளும் இதனால்தான் போயின என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. உப்புக் காற்று இருக்கிறது, கழிவு வாய்க்கால் இருக்கிறது, கடல் வற்றிய இடத்திலிருந்து கிளம்பும் புழுதி இருக்கிறது. அவற்றை நீயும் நானும் நிறுத்த முடியாது. இந்த டிரம்மை நிறுத்தலாம். இன்றைக்கே நிறுத்து. மற்ற நான்கு வீட்டுக்கும் சொல்லு. இனி இந்தக் கேன்களில் தண்ணீர் பிடி.

ஜல்காஸ்

அக்ஜார், 5 ஜூன்

தம்பிக்கு, நலம். கேன்கள் வந்தன. மாமாதான் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார். நான் பால் கறந்துவிட்டு வருவதற்குள் சின்னதைக் கழுவிக் கவிழ்த்தும் விட்டார். நல்லவேளை, நீ கடிதத்தைப் பெரிய கேனில் வைத்திருந்தாய். சின்னது என்று எழுதிவிட்டுப் பெரியதில் வைக்கிறாய். உன் மறதியைச் சொல்லி மாமா எதிரிலேயே திட்டித் தீர்த்தேன், கடிதத்தில் வெறும் நலம் விசாரிப்புதான் என்று சொன்னேன்.

படித்துவிட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் யோசித்தேன். தம்பி, நான் இதை மாமாவிடம் சொல்ல மாட்டேன். தன் கையால் எனக்கு ஊற்றிக் கொடுத்த மனிதர் அவர். இது தெரிந்தால் அந்த மனிதர் உயிரோடு இருக்க மாட்டார். போனவர்கள் போய்விட்டார்கள், இருக்கிறவரை ஏன் கொல்ல வேண்டும்?

வழியும் கண்டுபிடித்துவிட்டேன். போன வாரம் குவளையை வாய் வரைக்கும் கொண்டுபோய் ஓங்கரித்தேன்.

"என்னம்மா?"

"இரும்பு வாடை ஒத்துக்கல மாமா. அந்த அலுமினியக் கேன் தண்ணிதான் வேணும்போல இருக்கு."

மசக்கைக்காரி கேட்டதை மறுத்தால் பாவம் என்பது நம் வழக்கம். மாமா எழுந்து போய் டிரம்மிலிருந்த தண்ணீர் முழுவதையும் தரையில் கொட்டினார். நல்ல தண்ணீரை அவர் கொட்டி நான் பார்த்ததே இல்லை.

நான்கு வீட்டுப் பெண்களிடமும் ரொட்டி சுடும்போது விஷயத்தைச் சொன்னேன். மாமா காதுக்குப் போகக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். ஆனால் அவர்கள் வீட்டு ஆண்களிடம் என்ன காரணம் சொல்வது? அசடுகள், நான்கு பேரும் என் காரணத்தையே சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு எங்கள் தெருவில் ஐந்து பேருக்கு மசக்கை. பெர்தெகுல் அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. அவள் புருஷன் இரண்டு நாளாய் வெளியே தலைகாட்டவில்லை.

சர்பினாஸ்

நுகுஸ், 18 ஜூன்

அக்கா, நலம், நலம். ஒரே ஒரு கேள்வி. மற்ற நான்கு பேரை விடு. உன் மசக்கை நிஜமா, நடிப்பா?

பதில் எழுது. அத்தானுக்கு என் அன்பு. பெர்தெகுல் அக்காவுக்கு என் வாழ்த்துகள்.

ஜல்காஸ்

அக்ஜார், 30 ஆகஸ்டு

அன்புத் தம்பிக்கு, வெயிலும் உப்புப் புழுதியும் தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே நீ சுகம்தானே?

நீ கேட்ட கேள்விக்கு இரண்டரை மாதமாகப் பதில் எழுதாதது தப்புதான். இப்போதும் எழுதப் போவதில்லை. சிலவற்றைக் காகிதத்தில் எழுதினால் கண் பட்டுவிடும். என் பாவாடைகளையெல்லாம் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன், நீ அனுப்பிய கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது என்று மட்டும் எழுதுகிறேன். இன்னும் நாலு கண்டு அனுப்பு.

கேன் தண்ணீர்தான் குடிக்கிறேன். மாமாவின் டிரம் வாசலில் காலியாக நிற்கிறது. தினமும் துணியை எடுத்துக்கொண்டு போய் அதைத் துடைக்கிறார். முன்னெல்லாம் துடைக்கும்போது ஏதாவது பாடுவார். இப்போது பாடுவதில்லை. டிரம்மை ஒதுக்கிவிட்டேனே என்று மனத்தாங்கல் போல. பாவமாக இருக்கிறது, ஆனால் என்ன செய்ய?

சர்பினாஸ்

நுகுஸ், 10 நவம்பர்

அக்கா, எப்படி இருக்கிறாய்? செப்டம்பரிலும் அக்டோபரிலும் எழுதினேன், பதில் இல்லை. சோவெத்பாய் அண்ணனைக் கேட்டால், "நல்ல சேதியை வாயால சொல்லக்கூடாது, கெட்ட சேதி எங்கிட்ட இல்ல" என்கிறார். இதை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது?

இரண்டு வரி போதும். ஒரு வரி போதும்.

ஜல்காஸ்

அக்ஜார், 28 நவம்பர்

என் தங்கத் தம்பிக்கு, அக்கா நலம். அக்காவின் மகளும் நலம்.

பதின்மூன்றாம் தேதி பிறந்தாள். மூன்றரைக் கிலோ. அழுகிற சத்தம் அடுத்த ஊர் வரை கேட்கும். முன்பே எழுதாததற்கு என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இரண்டு முறை இழந்தவள், மூன்றாம் முறை பேனாவைத் தொடவே பயந்தேன்.

இரண்டு போன வீட்டில் பிறந்த பிள்ளையை என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். பிள்ளை தங்க வேண்டுமென்று, வழக்கப்படி பத்தாம் நாள் ஜன்னல் வழியாக உல்போசினுக்கு விற்றோம். ஏழு பிள்ளைகளும் தங்கிய வீட்டுக்காரி, அவளைவிட ராசிக்காரி யார்? அவள் குழந்தையை வாங்கித் தன் அடுப்பைச் சுற்றிவந்து, வாசல் வழியாகத் திருப்பி விற்க வந்தாள். தெருவே கூடியிருந்தது. அவள் கேட்ட விலையை இல்லை என்று சொல்லக் கூடாது. எல்லோரும் ஒரு சீப்பு, ஒரு ரொட்டி என்று கேட்பார்கள்.

"என்னா வேணும் கேளு" என்றார் மாமா சிரித்துக்கொண்டே.

"நாலு வருசமா மனசுல வச்சிருக்கேன். அந்த நீல டிரம்ம குடுங்க" என்றாள்.

ஏழு பிள்ளைகள் தம்பி. அவள் அன்றைக்கே அதில் தண்ணீர் பிடிப்பாள். வாயைத் திறந்தால் மாமாவுக்குத் தெரிந்துவிடும், திறக்காவிட்டால் அந்த ஏழு பேர். விஷயம் தெரிந்த நான்கு பெண்களும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேவிட்டேன்.

அதற்குள் மாமா, "தரமாட்டேன்" என்றார்.

ஆளுக்கு ஆள் ஆரம்பித்தார்கள்.

"என்னய்யா இது, பேத்திய விட டிரம்மு பெருசாப் போச்சா?"

"கஞ்சப்பயன்னு தெரியும். இந்த அளவுக்குன்னு தெரியாது."

உல்போசினுக்குக் கண் கலங்கிவிட்டது. "தெருவுல எல்லாருக்கும் குடுத்தீங்க, எனக்கு மட்டும் அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல. நான் என்ன பாவம் பண்ணேன்?"

மாமா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தொழுவத்துக்குப் போய்க் கிடாரியை அவிழ்த்துவந்து கயிற்றை அவள் கையில் கொடுத்தார். கிடாரி தம்பி, அடுத்த மாதம் கன்று போடப்போகிற கிடாரி. உல்போசின் குழந்தையை அவர் கையில் வைத்தாள். அவர் என்னிடம் கொடுத்துவிட்டு, கோடாலியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் டிரம்மைப் போட்டு வெட்டினார். அடி அடியென்று அடித்துத் தகடு தகடாக்கிவிட்டார். "ஓட்டை டிரம்மு. இதுக்காடா இவ்வளவு பேச்சு" என்றார்.

ஊர் ஏசிய கோபத்தில் உடைத்துவிட்டார், பாவம். எப்படியோ, சனியன் ஒழிந்தது, நம் ரகசியமும் பத்திரமாக இருக்கிறது. அவருக்கு ஒன்றும் தெரியாது.

பெயரை மாமாதான் வைத்தார். தூர்சின்குல். 'இருந்துவிடு, பூவே' என்று. புத்தாண்டுக்குள் வந்து பார். வரும்போது நூல் வேண்டாம், குழந்தைக்குச் சட்டை தைக்க வெள்ளைத் துணி கொண்டுவா.

சர்பினாஸ்

அக்ஜார், 10 டிசம்பர்

தம்பி ஜல்காஸுக்கு ஒதெகென் எழுதுவது. உன் உடம்பும் வேலையும் சுகமாக இருக்கட்டும். என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள், நான் கடிதம் எழுதி ரொம்ப வருடம் ஆகிறது.

ஒரு காரியமாக எழுதுகிறேன். டிரம் தகடுகள் என்னிடம் இருக்கின்றன. மற்ற நான்கு வீட்டுக்கும் போய், "நாந்தான் குடுத்தேன், நானே உடைக்கிறேன்" என்று சொல்லி அவற்றையும் உடைத்துவிட்டேன். ஐந்து டிரம் தகடும் சாக்கில் கட்டித் தொழுவத்துக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது. புதைத்தால் கிணற்றுக்குப் போகும், எரித்தால் காற்றில் போகும். எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று உன் ஆபீசில் கேட்டு எழுது. நானே கொண்டுவருகிறேன்.

நான்கு வீட்டிலும் காரணத்தைச் சொன்னேன். அவர்கள் முகத்தைப் பார்த்தால் முன்பே தெரியும் போலிருந்தது. ஐம்பத்தைந்து வயதுக்காரிக்கு மசக்கை வந்தால் யாருக்குத்தான் தெரியாது? சர்பினாஸிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவள் என்னிடம் மறைக்கிறாள், தெருவே சேர்ந்து அவளிடம் மறைக்கிறது. உல்போசினிடமும் சொல்லிவிட்டேன். கிடாரியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வாங்க மாட்டேன் என்றேன். அன்றைக்கு நான் டிரம்மைக் கொடுக்காதது அவளுக்குச் செய்த ஒரே நல்லது.

நீ கேட்பாய், அப்போதே ஏன் உடைக்கவில்லை என்று. உடைத்தால் எனக்குத் தெரியும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். என் மனம் நோகக் கூடாது என்று ஓங்கரித்து நடித்தவள். அவளுடைய நடிப்பை நான் கெடுக்கலாமா? அதனால், மற்ற நான்கு வீட்டு டிரம்மும் காலியானதைப் பார்த்துக்கொண்டு, என்னுடையதைத் தினமும் துடைத்தேன். துடைக்கும்போது அந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொள்வேன். முதல் குவளையை அவளுக்கு ஊற்றிக் கொடுத்தது நான்தான், தம்பி. அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது தூர்சின்குல் என் மடியில் தூங்குகிறாள். இடது கையால் அவளைப் பிடித்துக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். மறுபடியும் பாட ஆரம்பித்துவிட்டேன், என் குரல் அவளுக்குப் பிடிக்கவில்லை.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. உன் அக்கா கேட்டால் மாட்டு மருந்து கேட்டு எழுதினேன் என்று சொல். இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஜூனிலிருந்து மனதில் இருக்கிறது. உன்னை அவள் மறதிக்காரன் என்று என் எதிரிலேயே திட்டினாள். நான் பேசாமல் இருந்துவிட்டேன். நீ கடிதத்தைச் சின்னக் கேனில்தான் வைத்திருந்தாய்.

ஒதெகென்